ஒரு பிள்ளையும் விலகி நிற்காத பந்தி: சத்துணவு மையம் நடத்தப் போகிறவர்களுக்கு

புதிதாகச் சத்துணவு அமைப்பாளராகச் சேர்ந்திருப்பவர்களுக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோருக்கும் இதை எழுதுகிறேன். உசிலம்பட்டிப் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் பணி ஓய்வு பெறும்வரை அமைப்பாளராக இருந்தேன். பிள்ளைகள் என்னைச் சத்துணவு டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அரிசி எவ்வளவு, எந்தப் பதிவேட்டில் எதை எழுதுவது என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லித் தருவார்கள். நான் சொல்ல வந்தது வேறு. சோறு ஆக்குவது பாதி வேலைதான். பள்ளிக்கு வந்த அத்தனை பிள்ளைகளும் கூச்சப்படாமல் வந்து உட்கார்ந்து சாப்பிடும்படி செய்வது மீதிப் பாதி.

திட்டம் எல்லாப் பிள்ளைகளையும் நினைத்துப் போடப்பட்டதுதான். 1982 ஜூலை 1 அன்று திருச்சிக்கு அருகே பாப்பாக்குறிச்சியில் எம்.ஜி.ஆர். இதைத் தொடங்கினார். 1984-இல் பதினைந்து வயது வரையுள்ள மாணவர்களுக்கும் விரிந்தது. 2001 நவம்பர் 28 அன்று உச்ச நீதிமன்றம் நாடு முழுவதும் அரசு மற்றும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளில் சமைத்த உணவு தர வேண்டும் என்று உத்தரவிட்டது. ஆனாலும் வருகைப் பதிவேட்டில் இருக்கும் எண்ணும் தட்டு எடுக்கும் எண்ணும் ஒன்றாக இருப்பதில்லை. இடையில் விழுந்துபோகிறவர்கள் யார் என்று பாருங்கள். ஏழு, எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள். "அது இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு" என்று வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். யார் சமைத்தது என்று விசாரிக்கும் வீடுகளிலிருந்து வருகிறவர்கள். சோறு குழைந்திருக்கிறது, சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று ஒரு நாள் ஒதுங்கி, பிறகு அதையே பழக்கமாக்கிக்கொண்டவர்கள். இந்த நான்கு வகையினரையும் ஒரே பந்தியில் உட்காரவைக்க என்ன செய்யலாம் என்பதுதான் கீழே இருப்பவை எல்லாம்.

எண்ணிக்கை எடுக்கும் முறை

முதலில் இதை மாற்றுங்கள். பல பள்ளிகளில் காலையில் வகுப்பு வாசலில் நின்று, "இன்றைக்கு யார் யார் சாப்பாடு? கை தூக்குங்கள்" என்று கேட்பது வழக்கம். ஒன்றாம் வகுப்பில் அத்தனை கைகளும் உயரும். ஆறாம் வகுப்புக்கு மேல் கவனியுங்கள்: கை தோள்வரை எழும், பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்கும், பிறகு தலையைச் சொறிவதுபோல் இறங்கிவிடும். அந்தப் பிள்ளை மதியம் குழாயடியில் தண்ணீர் குடித்துவிட்டு மாலை வரை உட்கார்ந்திருக்கும்.

யாரையும் கேட்க வேண்டாம். காலை வருகை எடுத்ததும் ஆசிரியரிடம் மொத்த எண்ணிக்கையை வாங்குங்கள். வந்தவர் எல்லாரும் சாப்பிடுகிறார்கள் என்று வைத்துக்கொண்டு கணக்கைத் தொடங்குங்கள். வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டுவருகிறவர்களை மட்டும் வகுப்பாசிரியர் தாமாகவே பார்த்து ஒரு சீட்டில் எண்ணாகக் குறித்துத் தரட்டும். பெயர் வேண்டியதில்லை. அந்தப் பிள்ளைகளும் டிபன் பாக்ஸைத் திறந்து அதே வரிசையில்தான் உட்கார வேண்டும். பரிமாறும்போது அவர்கள் முன்னும் ஒரு கரண்டி சாதத்தோடு நில்லுங்கள். சில நாளில் டிபன் பாக்ஸ் வருவது தானாகக் குறையும். குறையாவிட்டாலும் நஷ்டமில்லை. எல்லாரும் ஒரே இடத்தில் சாப்பிடும்போது யார் எந்தச் சோறு சாப்பிடுகிறார்கள் என்பது பிள்ளைகளுக்கு ஒரு விஷயமாகவே இருக்காது.

எண்ணிக்கை நாளுக்கு நாள் மாறும். அதை ஊர் நாள்காட்டியை வைத்துத்தான் பிடிக்க முடியும். எங்கள் பக்கத்தில் மாசிப் பச்சைக்குக் குலதெய்வக் கோயில்களுக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்விடுவார்கள். சிவராத்திரிக்கு மறுநாளும் வகுப்பு பாதி காலியாக இருக்கும். கார்த்திகை பிறந்ததும் மாலை போட்ட பிள்ளைகள் முட்டை சாப்பிட மாட்டார்கள். அவர்களுக்கு வாழைப்பழம் தரவேண்டும் என்பதால் அந்த எண்ணிக்கையை மாதத் தொடக்கத்திலேயே எடுத்துவிடுங்கள். திங்கட்கிழமைக்கு எப்போதும் கொஞ்சம் கூடுதலாகப் போடுங்கள். சனியும் ஞாயிறும் வீட்டில் எப்படிக் கழிந்தன என்பது திங்கட்கிழமை மதியம் தட்டில் தெரியும். மறுசோறு கேட்பவர்கள் அன்றைக்குத்தான் அதிகம்.

சாப்பிட்ட எண்ணிக்கையை மட்டுமே பதிவேட்டில் எழுதுங்கள். கூட்டி எழுதச் சொல்பவர் யாராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். பொய்யாக எழுதிய ஒவ்வோர் எண்ணும் சாப்பிடாத பிள்ளையைக் கணக்கிலிருந்து மறைத்துவிடுகிறது. எல்லாரும் சாப்பிடுகிறார்கள் என்று காகிதம் சொன்னால், ஒதுங்கி நிற்கிற பிள்ளையைத் தேட யாரும் வரமாட்டார்கள்.

அளவு

பிஎம் போஷன் என்ற மத்திய அரசின் பள்ளி மதிய உணவுத் திட்ட அளவின்படி தொடக்க வகுப்புப் பிள்ளைக்கு 100 கிராம் அரிசி, 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய். ஆறு முதல் எட்டு வரை 150 கிராம் அரிசி, 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி, ஏழரை கிராம் எண்ணெய். தொடக்க வகுப்பில் 70 பேர், அதற்கு மேல் 50 பேர் வந்திருக்கிறார்கள் என்றால் அரிசி பதினாலரைக் கிலோ, பருப்பு 2 கிலோ 900 கிராம், காய்கறி ஏழேகால் கிலோ, எண்ணெய் 725 கிராம். இந்தக் கணக்கை 10 பேர் கூடினால், 10 பேர் குறைந்தால் எவ்வளவு என்று அட்டவணையாக எழுதிச் சமையலறைச் சுவரில் ஒட்டிவிடுங்கள். யார் வேண்டுமானாலும் வந்து படித்துப் பார்க்கலாம் என்ற நிலை இருப்பது நல்லது. தராசு கட்டாயம் வேண்டும். படியால் அளந்து போடுவது பழக்கமான கைக்குச் சுலபம்தான். ஆனால் அரிசி ரகம் மாறும்போது படியின் எடையும் மாறும்.

மதுரைக்கு மேற்கே உள்ள ஊர்களுக்குத் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் துவரம்பருப்பு எத்தனை நேரம் கொதித்தாலும் மசியாது. கேஸ்தான் தீரும். பருப்புக்கு மட்டுமாவது வைகைக் குடிநீரை முதல் நாளே பிடித்து மூடி வையுங்கள். அரை மணி நேரம் ஊறப்போட்டு, மஞ்சள்தூளும் ஒரு கரண்டி எண்ணெயும் விட்டு வேகவையுங்கள். உப்பும் புளியும் பருப்பு மசிந்த பிறகுதான். சாம்பார் தண்ணீராக இருக்கிறது என்று பிள்ளைகள் சொல்லும் குறையில் பாதிக்கு மேல் பருப்பு வேகாததால் வருவது.

அரிசியைப் பற்றி ஒரு பயம் ஊர்களில் உலவுகிறது. மையத்துக்கு வரும் அரிசி செறிவூட்டப்பட்டது. நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்ற விகிதத்தில், இரும்புச்சத்தும் ஃபோலிக் அமிலமும் வைட்டமின் பி12-ம் கலந்த அரிசி மாவை மறுபடி அரிசி வடிவில் அழுத்திச் செய்த மணிகளைச் சேர்க்கிறார்கள். அவை நிறத்தில் கொஞ்சம் வேறுபட்டிருக்கும். களையும்போது மிதக்கும். பிளாஸ்டிக் அரிசி என்று நினைத்து அவற்றைப் பொறுக்கி எறிகிற சமையலர்களும் உண்டு, பிள்ளையைச் சாப்பிட வேண்டாம் என்று சொல்லி அனுப்புகிற தாய்மார்களும் உண்டு. அவர்களோடு வாக்குவாதம் வேண்டாம். மேலாண்மைக் குழுக் கூட்டத்தன்று பத்து மணிகளை ஒரு கிண்ணத் தண்ணீரில் ஊறவைத்து, தாய்மார்கள் கையிலேயே கொடுத்து நசுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். விரலுக்கிடையில் மாவாகிவிடும். எங்கள் பள்ளியில் அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை. இந்த அரிசியை இரண்டு தடவைக்கு மேல் களையாதீர்கள், கஞ்சியை வடிக்காதீர்கள். சத்து தண்ணீரோடு போய்விடும். தண்ணீரை அளந்து விட்டுப் பொங்கி இறக்குவதே சரி. மிதக்கும் மணிகளையும் அண்டாவிலேயே சேர்த்துவிடுங்கள்.

தினம் வெறும் சோறும் சாம்பாரும் என்றிருந்த காலம் போய்விட்டது. 2014 முதல் கலவை சாதங்கள் வந்துவிட்டன. தக்காளி சாதம், கொண்டைக்கடலை புலாவ், கறிவேப்பிலை சாதம், எலுமிச்சை சாதம் என்று வாரத்துக்கு வாரம் மாறும். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு சேருங்கள். கொதியில் விட்டால் கசந்துவிடும். கசந்த சோற்றைப் பெரிய பிள்ளைகள் தொடமாட்டார்கள்.

முட்டை 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று தொடங்கி, 2010 முதல் பள்ளி நடக்கும் ஐந்து நாட்களும் கிடைக்கிறது. வந்து இறங்கியதும் அட்டையோடு எடுத்து வைத்துவிடாதீர்கள். வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். கிடையாகப் படுத்தால் புதிது. நிமிர்ந்து நின்றால் அன்றைக்கே வேகவைத்துவிடுங்கள். மிதந்தால் கெட்டது. ஒதுக்கிவைத்து எண்ணிக்கையைக் குறித்து மாற்று முட்டை கேளுங்கள். குளிர்ந்த தண்ணீரிலேயே போட்டு அடுப்பை ஏற்றி, கொதி வந்த பிறகு பன்னிரண்டு நிமிடம் போதும். ஓடு கீறினது என்று தெரிந்தால் அந்த முட்டையைச் சேர்க்கவே வேண்டாம்.

காய்கறி வாங்குவது உங்கள் சாமர்த்தியம். மதுரை பரவைச் சந்தை பக்கமாக இருந்தால் விடியற்காலையில் மலிவு. தூரமென்றால் உள்ளூர்க் கடைக்காரரிடம் மாதக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். காய்கறிக்கான பணம் உங்கள் கைக்கு வரச் சில மாதம் தாமதமாகும். அதை அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் பள்ளி வேலியோரம் இரண்டு முருங்கைப் போத்து ஊன்றிவிட்டால் அடுத்த ஆண்டிலிருந்து கீரைக்குக் கவலையில்லை. தட்டு கழுவும் தண்ணீர் அதற்குப் போதும்.

சேமிப்பும் பாதுகாப்பும்

காமராசர் பிறந்த நாளான ஜூலை 15 அன்று பள்ளிகளில் விழா எடுக்கிறோம். 1956-இல் எட்டயபுரத்தில் அவர் தொடங்கிவைத்த மதிய உணவைப் பற்றிப் பேசுகிறோம். மறுநாள் ஜூலை 16-ஐயும் ஒவ்வொரு சமையலறையும் நினைவில் வைக்க வேண்டும். 2004-இல் அந்த நாளில்தான் கும்பகோணத்தில் பள்ளிச் சமையலறைத் தீ கூரைக்குப் பரவி 94 பிள்ளைகள் இறந்தார்கள். 2013-இல் அதே ஜூலை 16 அன்று பீகாரின் சரண் மாவட்டத்தில் ஒரு கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 பிள்ளைகள் இறந்தார்கள். எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்து கலந்திருந்தது. எண்ணெய் சரியில்லை என்று சமையல் செய்தவர் சொன்னதாகவும் அது கேட்கப்படவில்லை என்றும் செய்திகள் வந்தன.

இந்த இரண்டிலிருந்தும் விதிகள் வருகின்றன. சமையலறைக்கும் அதை ஒட்டிய இடத்துக்கும் ஓலை, கீற்று, நிழல்வலை எதுவும் வேண்டாம். சிலிண்டர் காற்றோட்டமான இடத்தில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு எரியும் நேரத்தில் கதவைப் பூட்டாதீர்கள். ஒரு வாளி மணல் வாசலில் இருக்கட்டும். பருத்திக் காட்டு ஊர்களில் ஒவ்வொரு வீட்டிலும் பூச்சிமருந்து டப்பா கிடக்கும். காலி டப்பா ஒன்றுகூடப் பள்ளிச் சமையலறைக்குள் வரக்கூடாது, அதை வைத்து எதையும் அளக்கவும் வேண்டாம். வண்டுக்குக் காய்ந்த வேப்பிலையும் நொச்சி இலையும் போதும். மூட்டைகளை மரப்பலகையின் மேல், சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி அடுக்குங்கள். பழையது முன்னால், புதியது பின்னால். எண்ணெய், மாவு, பருப்பு எதுவானாலும் சமையலர் அக்கா முகர்ந்து பார்த்து "வேண்டாம்" என்றால் வேண்டாம்தான். அமைப்பாளரோ தலைமையாசிரியரோ அதற்கு மேல் பேசக்கூடாது.

பரிமாறுவதற்கு அரை மணி நேரம் முன்னதாகத் தலைமையாசிரியரோ ஓர் ஆசிரியரோ சாப்பிட்டுப் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். நாக்கில் தொட்டுவிட்டுக் கையெழுத்துப் போடுவது கணக்கில் சேராது. ஒரு தட்டு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். மூடி போட்ட சிறு பாத்திரத்தில் அன்றைய உணவில் ஒரு பங்கை எடுத்து வையுங்கள். அண்டாவில் பல்லியோ வேறெதுவோ விழுந்தது என்று ஒருவர் சொன்னால்கூட அவ்வளவையும் கொட்டிவிடுங்கள். பல்லி விஷமா இல்லையா என்ற விவாதத்துக்கு அது நேரமில்லை. அரிசி போனால் எழுதிக் கணக்குக் காட்டலாம். ஏதாவது ஒரு பிள்ளை வாந்தி எடுத்தால் 108-ஐ அழைத்துவிட்டு அந்த வரிசை முழுவதையும் நிறுத்திவிடுங்கள்.

தட்டும் வரிசையும்

மற்ற எதையும் விட இதுதான் எனக்கு முக்கியம்.

எங்கள் பள்ளித் தட்டுகளை ஒரு முறை திருப்பிப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, சில தட்டுகளின் அடியில் ஆணியால் கீறிய சிறு குறிகள் தெரிந்தன. விளிம்போரம், விரல் நகம் அளவுக்கு. ஒன்றில் பெருக்கல் குறி, ஒன்றில் மூன்று கோடுகள், ஒன்றில் சூலம். முதலில் பிள்ளைகளின் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். சமையல் உதவியாளரிடம் கேட்டபோது குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: எந்தத் தெருப் பிள்ளை எந்தத் தட்டில் சாப்பிடுவது என்று சில வீடுகளில் சொல்லியனுப்புகிறார்கள், பிள்ளைகள் குறி பார்த்து எடுக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சோறு வாங்குகிறது. அதை என் கண்ணால் பார்த்த பிறகு எனக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை.

தலைமையாசிரியரும் மேலாண்மைக் குழுவும் சேர்ந்து மொத்தத் தட்டுகளையும் மாற்றினார்கள். புதுத் தட்டுகள் எல்லாம் ஒரே அளவு, ஒரே வார்ப்பு. நீங்களும் இதைச் செய்யுங்கள். வீட்டிலிருந்து தட்டு கொண்டுவரும் வழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். தட்டுகளை ஒரே அடுக்காக வைத்து, மேலே இருப்பதை எடுப்பது என்று விதி வையுங்கள். தேடக்கூடாது. டம்ளரும் அப்படியே. மாதம் ஒரு முறை நீங்களே எல்லாவற்றையும் திருப்பிப் பாருங்கள். தட்டு கழுவுவது, இடம் பெருக்குவது போன்றவற்றை எந்தப் பிள்ளைக்கும் வேலையாகக் கொடுக்காதீர்கள். தன் தட்டைத் தான் கழுவலாம். அடுத்தவர் எச்சிலை எடுக்கச் சொல்லக்கூடாது. யாரிடம் அந்த வேலை போய்ச் சேரும் என்பது நம் ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

உட்காருவது வரும் வரிசைப்படி. தோழிகள் இரண்டு பேர் சேர்ந்து உட்காரட்டும், அது பிள்ளை இயல்பு. ஒரு தெருப் பிள்ளைகள் எல்லாம் ஒரு சுவரோரம் சேர்ந்துவிட்டார்கள் என்றால் மறுநாள் வகுப்பை மாற்றி மாற்றி உட்காரவையுங்கள். காரணத்தைப் பிள்ளைகளிடம் விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம்.

சமையல் செய்பவரின் சாதியைச் சொல்லி ஒரு வீட்டார் தங்கள் பிள்ளையைச் சாப்பிட விடாமல் அழைத்துப் போகும் நாள் வரலாம். அப்போது சமையலரை மாற்றுவதைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசாதீர்கள். தாற்காலிகமாக, விடுப்பில் போங்கள் அக்கா, பிரச்சினை அடங்கட்டும் என்ற சமாதானமும் வேண்டாம். ஒரு தடவை விட்டுக்கொடுத்தால் அதன் பிறகு மையத்தை நடத்துவது அந்த வீடுதான். தலைமையாசிரியர், ஊராட்சித் தலைவர், மேலாண்மைக் குழுவில் இருக்கும் எல்லாத் தெருப் பெற்றோர் ஆகியோரை மறுநாளே அழைத்து, அதே சமையலர் கையால் பரிமாறச் சொல்லிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடச் சொல்லுங்கள். அவமதித்துப் பேசினாலோ தடுத்தாலோ 1989-ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. வட்டார வளர்ச்சி அலுவலருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். வாய்ச்சொல்லோடு நிறுத்தாதீர்கள். வீட்டார் செய்ததற்குப் பிள்ளையைக் கடிந்துகொள்ளாதீர்கள். அது திரும்பி வரும் நாளில் எதுவும் நடக்காததுபோல் ஒரு தட்டை எடுத்துக் கொடுங்கள்.

ஆசிரியர்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்தால் பாதி மாற்றம் தானாக வந்துவிடும். வாரத்தில் ஒரு நாளாவது சத்துணவையே சாப்பிடும்படி கேட்டுக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புப் பெண் பிள்ளைகள் ஒதுங்குவதற்கு எங்கள் பள்ளியில் மருந்தாக இருந்தது அவர்களுடைய கணக்கு டீச்சர்தான். அவர் தினமும் அதே சோற்றை அவர்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டார். ஒரு பருவம் முடிவதற்குள் அந்த வகுப்பில் வெளியே நிற்பவர் யாருமில்லை.

பரிமாறும்போது "போதுமா?" என்று கேட்காதீர்கள். "இன்னும் கொஞ்சம் வைக்கட்டுமா?" என்று கேளுங்கள். கல்யாணப் பந்தியில் விருந்தாளியை அப்படித்தானே கேட்கிறோம். மறுசோறுக்குப் பிள்ளை எழுந்து வந்து கேட்கும்படி விடாமல் நீங்களே அண்டாவோடு வரிசையில் இரண்டாவது முறை நடங்கள். முட்டையைக் கடைசியில் வையுங்கள். முதலில் வைத்தால் அதை மட்டும் தின்றுவிட்டு எழுந்துவிடும் பிள்ளைகள் உண்டு.

எச்சில் வாளி

தினம் தட்டு கழுவும் இடத்து வாளியைப் பாருங்கள். கத்திரிக்காய்த் துண்டுகள் மிதந்தால் அடுத்த முறை பொடியாக நறுக்குங்கள் அல்லது பருப்போடு மசித்துவிடுங்கள். கீரை அப்படியே வந்திருந்தால் மண் இருந்திருக்கும். மூன்று தண்ணீரில் அலசுங்கள். சோறே அதிகம் கிடந்தால் உப்பையோ பதத்தையோ பாருங்கள். பிள்ளைகளிடம் பிடித்திருந்ததா என்று கேட்டால் எல்லாரும் தலையாட்டுவார்கள். வாளியில் கிடப்பதைத் தேதி போட்டு ஒரு பழைய நோட்டில் குறித்து வைத்தால், எந்தச் சாதத்தன்று பிள்ளைகள் ஒதுங்குகிறார்கள் என்பது ஒரு பருவத்திலேயே தெரிந்துவிடும்.

நன்கொடை

1956-இல் மதிய உணவு பல ஊர்களில் மக்கள் கொடுத்த அரிசியிலும் பருப்பிலும்தான் நடந்தது. கல்வித் துறை இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் அந்த ஆதரவைத் திரட்டினார். ஆகவே ஊரார் கொடுக்க முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். ஆனால் மூன்று விஷயங்களில் கண்டிப்பாக இருங்கள். வெளியே சமைத்த உணவை வாங்காதீர்கள். பொருளாகக் கொடுத்தால் நம் சமையலறையில் நம் சமையலர் சமைப்பார். கொடுப்பது அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும். தட்டோடு பிள்ளைகளை நிறுத்திப் புகைப்படம் எடுப்பதும் கொடுத்தவர் பெயரைச் சொல்லி நன்றி சொல்லவைப்பதும் கூடாது. இதற்காகக் கோபித்துக்கொண்டு போகிறவர் போகட்டும். பழமும் சுண்டலும் பிறகும் வரும்.

காலை உணவும் ஆறாம் வகுப்பும்

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் நம் மதுரையில்தான் தொடங்கியது. 2022 செப்டம்பர் 15, நெல்பேட்டை ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. முதல் கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 மாணவர்கள். 2023 ஆகஸ்ட் 25 அன்று மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிந்தது. கிராமங்களில் மகளிர் சுய உதவிக் குழுவினர் சமைக்கிறார்கள். உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார். அவர்களோடு பாத்திரம், அடுப்பு, கழுவுமிடம் ஆகியவற்றை யார் எத்தனை மணிக்குப் பயன்படுத்துவது என்று முதல் வாரத்திலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். காலை மிச்சத்தை மதியத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

இந்தத் திட்டம் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரைக்கும் என்றே வந்தது. நடுநிலைப் பள்ளியில் இதன் விளைவு கண்முன் தெரியும். ஏப்ரல் வரை தம்பியோடு உட்கார்ந்து காலையில் சாப்பிட்ட பெண் ஜூனில் ஆறாம் வகுப்புக்கு ஏறியதும் தம்பி சாப்பிடுவதை வெளியே நின்று பார்க்கிறாள். தம்பியைக் கூட்டிவருவதே அவள்தான். எங்கள் பள்ளியில் மேலாண்மைக் குழு அதற்கு ஒரு வழி செய்தது. ஊர் இளைஞர்களும் வெளியூரில் வேலை பார்ப்பவர்களும் மாதத்துக்கு இவ்வளவு என்று கொண்டைக்கடலையும் பாசிப்பயறும் வாங்கிக் கொடுத்தார்கள். முதல் நாள் இரவே ஊறவைத்து, காலையில் சுண்டலாக்கி, ஆறு முதல் எட்டு வரையுள்ளவர்களுக்கும் அதே கூடத்தில் அதே நேரத்தில் கொடுத்தோம். இதற்குக் கணக்கு தனி நோட்டில் இருக்க வேண்டும். அரசுப் பொருளில் ஒரு கைப்பிடி பருப்புகூட இதில் கலக்கக்கூடாது.

சுண்டலோடு நிறுத்திக்கொள்ளவும் கூடாது. ஒவ்வொரு மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும், எட்டாம் வகுப்பு வரை காலை உணவு வேண்டும் என்ற தீர்மானத்தை ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளின் அன்றைய வருகை எண்ணிக்கையோடு எழுதி நிறைவேற்றுங்கள். ஒரு நகல் வட்டாரக் கல்வி அலுவலருக்கு, ஒன்று வட்டார வளர்ச்சி அலுவலருக்கு, ஒன்று ஊராட்சிக்கு. கிராமசபைக் கூட்டத்தில் அதையே வாசிக்கச் சொல்லுங்கள். வாசிப்பது ஆறாம் வகுப்புப் பிள்ளையின் அம்மாவாக இருக்கட்டும். பதில் வராவிட்டால் அடுத்த கூட்டத்தில் புதிய எண்ணிக்கையைப் போட்டு மறுபடி அனுப்புங்கள்.